'பாம்ப்லெட்' என்ற சொல்லின் உண்மையான பொருள் என்ன? அது எப்படி வந்தது?

கடைத் திறப்பு விழாவுக்குக் கொடுக்கும் ஒற்றைத் தாளையும் பாம்ப்லெட் என்கிறார்கள், நாற்பது பக்கப் புத்தகத்தையும் அப்படியே சொல்கிறார்கள், இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய புழக்கத்தில் இரண்டும் உண்டு. ஆனால் சொல் பிறந்தபோது அது சின்னப் புத்தகத்தைத்தான் குறித்தது. அதுவும் ஒரு காதல் கதைப் புத்தகத்தை!

12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் 'பாம்ஃபிலஸ்' என்றொரு லத்தீன் கவிதை பரவியது. பாம்ஃபிலஸ் என்ற இளைஞன் கலத்தேயாவை விரும்புகிறான், காதல் தெய்வமான வீனஸிடம் யோசனை கேட்கிறான், கிழவி ஒருத்தி தூது போகிறாள். மொத்தமே எண்ணூறு வரிகளுக்குள்தான். தனியாக ஒரு மெல்லிய ஏடாகப் பிரதியெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளத் தோதான அளவு. பழைய பிரெஞ்சில் ஒரு பெயரோடு '-எட்' சேர்த்தால் 'சின்ன' என்று பொருள் வரும். ஈசாப் கதைத் தொகுப்புகளை 'இசோபெட்' என்றது அப்படித்தான். பாம்ஃபிலஸும் 'பாம்ஃபிலெட்' ஆனது. அப்புறம், நகல் எடுப்பதெல்லாம் நமக்கு ஜெராக்ஸ் ஆகிவிட்டதைப் போல, மெல்லிய ஏடுகள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இந்தச் சொல்லுக்கு எனக்குப் பிடித்த பழைய சான்று, டர்ஹாம் பிஷப் ரிச்சர்ட் டி பரி 1345இல் எழுதி முடித்த 'ஃபிலோபிப்ளன்' என்ற நூலில் இருக்கிறது. புத்தகப் பித்து தலைக்கேறிய மனிதர். அலங்கரித்த குதிரைகளைவிட மெல்லிய பாம்ப்லெட்டுகளையே தாம் விரும்பியதாக எழுதுகிறார். குட்டன்பர்க்கின் அச்சு வர இன்னும் நூறு ஆண்டுகள் இருக்கின்றன. அதாவது சொல் அச்சுக்கு மூத்தது. கையெழுத்து ஏடுகளின் காலத்திலேயே புழங்கியது.

1755இல் வந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இதற்கு வேறொரு மூலம் சொன்னார்: 'ஒரு நூலிழையால்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். அது இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் அவர் கொடுத்த பொருள் கச்சிதம்: அட்டை கட்டாமல், தைத்து மட்டும் விற்கப்படும் சிறு புத்தகம்.

அரசியல் சண்டைக்கான எழுத்து என்ற வாசனை சொல்லில் நன்றாக ஏறியது அச்சு வந்த பிறகுதான். குறைந்த தாள், குறைந்த செலவு, சீக்கிரம் தெருவுக்கு வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்தில் லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் இவற்றை விடாமல் சேகரித்தார். 1640 முதல் 1661 வரை சேர்த்தவை 22,000க்கு மேல். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் சேர்த்திருக்காவிட்டால் அவற்றில் பல காணாமலே போயிருக்கும்.

ஒற்றைத் தாளுக்கும் சின்னப் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மெல்லிய புத்தகத்துக்கு முதுகு கிடையாது. அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரியாது. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது அதுதான். நோட்டீஸ் என்று நினைத்துவிட்டால் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது. ஆனால் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றுவரை தப்பியிருப்பவற்றில் மிகப் பழையது, வெறும் 16 பக்கம்! 1964இல் யுனெஸ்கோ வகுத்த கணக்குப்படி, அட்டையை விட்டு 5 முதல் 48 பக்கம் வரை இருந்தால் பாம்ப்லெட், 49இலிருந்து புத்தகம். அப்படிப் பார்த்தால் தமிழ் அச்சின் அந்த மூத்த பிள்ளையும் பாம்ப்லெட்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஒற்றைத் தாளுக்கு நோட்டீஸ், பிட் நோட்டீஸ், துண்டுப் பிரசுரம் என்று ஏற்கெனவே மூன்று பெயர்கள் இருக்கின்றன, அவையே போதும். மடித்துத் தைத்ததையோ பின் அடித்ததையோ நான் 'சிறுநூல்' என்று எழுதுகிறேன். 'சிறு வெளியீடு', 'குறுநூல்' என்பவையும் பொருந்தும்.