மேடைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லும் மௌனப் படம் ஏதாவது இருக்கிறதா?

நீங்கள் ஏதோ நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள் போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது. சரி, என் பதில் ஒரே படம்: ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு 1927-ல் எடுத்த 'அப்ஸ்ட்ரீம்'. ஒரு மணி நேரம்தான். ஃபோர்டின் ஆகச் சிறந்த படம் என்று நான் சொல்லவில்லை, அவருடைய கௌபாய் படங்களின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

கதை நடப்பது நடிகர்கள் தங்கும் ஒரு விடுதியில். கத்தி வீசும் வித்தைக்காரன், அவனுக்கு முன்னால் நின்று உயிரைக் கையில் பிடித்துக்கொள்ளும் பெண், நடன ஜோடி என்று ஒரு கூட்டம். நடுவில் எரிக் என்று ஒருவன். பெரிய நடிகர் பரம்பரை, நடிப்பு மட்டும் வராது. குடும்பப் பெயருக்காகவே லண்டனில் ஹாம்லெட் வேஷம் கிடைக்கிறது. அதே விடுதியில் இருக்கும் ஒரு கிழ நடிகர் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கைதட்டல் விழுந்ததும் பையனுக்குக் கிழவர் ஞாபகமே இல்லை.

நான் பதினோரு வருஷம் ஓர் அலுவலக நாடகக் குழுவில், சைடு விங்கில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்த பிராம்ப்ட்டர். ஒரு பையனுக்கு ழ வராது. 'தாழ்ப்பாளைப் போடு' என்பதை 'தாள்ப்பாள்' என்பான். மூன்று மாதம், ஆபீஸ் விட்டதும் எங்கள் வீட்டு மொட்டை மாடி. கொசுக்கடியில் நாக்கை மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவன் சீரியலில் இருக்கிறான். ஒரு பேட்டியில், "என் வாழ்க்கையில யாரும் சொல்லித் தரலை, எல்லாம் தானா வந்தது" என்றான். அந்த 'வாழ்க்கை'யில் ழ சுத்தமாக விழுந்தது. அது எங்கள் மொட்டை மாடி ழ.

பொறாமை என்பீர்கள். இருக்கட்டும். காசா கேட்டேன்? எங்கள் குழுவில் பிராம்ப்ட்டருக்கு போண்டா டோக்கன்கூடக் கிடையாது. மேடை ஏறுகிறவர்களுக்கு மட்டும்தானாம். காரியதரிசியின் மைத்துனர் எந்த மேடையில் ஏறினார்? அவருக்கு இரண்டு டோக்கன்!

படத்துக்கு வருகிறேன். இது பல பத்தாண்டுகள் தொலைந்துபோய்க் கிடந்தது. 2009-ல் நியூசிலாந்துத் திரைப்படக் காப்பகத்தில் இதன் பழைய நைட்ரேட் பிலிம் சுருள் அகப்பட்டது. அந்தக் காலத்தில் ஹாலிவுட் படப்பெட்டி ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் நியூசிலாந்தும் ஒன்று. திருப்பி அனுப்பக் கப்பல் கூலி தண்டம் என்று அங்கேயே விட்டுவிடுவார்களாம். 2010-ல் மறுபடி திரையிட்டார்கள், 2013-ல் டிவிடி தொகுப்பிலும் வந்தது.

கடைசியில் எரிக் விளம்பரத்துக்காக அந்த விடுதிக்குத் திரும்பி வருகிறான். அன்றைக்கு அங்கே கல்யாணம். அப்புறம் நடப்பதை நீங்களே பாருங்கள். நான் அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.