டவுன்ஹில் சைக்கிளுக்கு எந்த டிஸ்க் பிரேக்?

கேள்வி: மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே செய்த பழைய டவுன்ஹில் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். முன்னும் பின்னும் 180 மி.மீ. ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் தட்டு). என் எடை 88 கிலோ. நீண்ட இறக்கத்தில் பாதித் தூரம் வந்ததும் பிரேக் லீவர் தளர்ந்து ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது. அடிவாரம் சேர்வதற்குள் விரல்களும் மரத்துப்போகின்றன. ரோட்டரை இறுக்கிப் பிடிக்கும் பேடை மட்டும் மெட்டல் பேடாக மாற்றினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். நான்கு பிஸ்டன் பிரேக்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். பிரேக்குக்குள் ஊற்றுவது டாட் திரவமா, மினரல் ஆயிலா என்பதிலும் குழப்பம். 220 மி.மீ. ரோட்டர் அவசியமா? எதை வாங்குவது?

பதில்: நண்பர்கள் இருவரும் மருந்து சொல்லிவிட்டார்கள், நோய் என்னவென்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நல்லவேளையாக, உங்கள் கேள்வியிலேயே அதற்கான தடயம் இருக்கிறது: "லீவர் தளர்ந்து ஹேண்டில்பார் வரை வருகிறது."

இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதமாக நடக்கும். ஒன்றில், லீவர் கல் போல இறுக்கமாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, அதிலுள்ள பிசின் சிதைந்து வாயுவாக வெளியேறுவதால் பிடிப்பு போய்விட்ட நிலை அது. இன்னொன்றில், லீவர் பஞ்சு போல உள்ளே போகும். காலிப்பருக்குள், அதாவது பிஸ்டன்களால் பேடுகளை ரோட்டர் மேல் அழுத்தும் பகுதிக்குள், திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகிவிட்டன என்று பொருள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. சற்று ஆறவிட்டால் லீவர் பழைய நிலைக்குத் திரும்பும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை. பழைய சைக்கிள் என்பதால், அதன் முந்தைய உரிமையாளர் திரவத்தை மாற்றாமலே ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆறிய நிலையிலும் லீவர் தளர்வாக இருந்தால், குழாயில் காற்றும் புகுந்திருக்கிறது.

இந்த நிலையில் மெட்டல் பேட் மட்டும் போட்டால் கோளாறு கூடவும் செய்யலாம். உலோகத் துகள்களைச் சேர்த்து அழுத்திச் செய்த பேட், பிசினால் (ரெசின்) பிணைத்த ஆர்கானிக் பேடைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும், சேற்றிலும் மழையிலும் சீக்கிரம் தேயாது. அதெல்லாம் உண்மை. ஆனால் உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், பேடின் சூடு பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கு விரைவாகப் போய்ச் சேரும். ஏற்கெனவே கொதிக்கும் விளிம்பில் இருக்கும் திரவத்துக்கு இது உதவியாக இருக்காது. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: உங்கள் ரோட்டரில் "ரெசின் பேட் மட்டும்" என்ற பொருளில் ஆங்கில எழுத்து பொறித்திருந்தால், அதோடு மெட்டல் பேட் பயன்படுத்தவே கூடாது. மலிவான சைக்கிள்களோடு வரும் மென்மையான ரோட்டர்களை மெட்டல் பேட் அரித்துத் தின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, இப்போதிருக்கும் பிரேக்கிலேயே திரவத்தை முழுவதும் மாற்றிக் காற்றை எடுத்துவிட்டு, அதே இறக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. வித்தியாசம் உடனே தெரியும். அதன் பிறகும் உங்கள் எடைக்கும் அந்த இறக்கத்துக்கும் இந்த பிரேக் போதாது என்பதே என் கணிப்பு. காரணம், கணக்கு.

நீங்கள், சைக்கிள், தலைக்கவசம், காப்புக் கவசங்கள் எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 540 கிலோஜூல் ஆற்றல் எங்காவது செலவாக வேண்டும். காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் பாதியை எடுத்துக்கொண்டாலும் மீதி 270 கிலோஜூல் பிரேக்கில்தான் வெப்பமாக மாறுகிறது. ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவு தேவைப்படும். அதைத் தாங்குகிற இரண்டு ரோட்டர்களின் எடையோ, சேர்த்துப் பார்த்தாலும் அரைக் கிலோவுக்குள்தான். வெப்பத்தைக் காற்றில் கொட்டிக்கொண்டே வந்தால்தான் அவை பிழைக்கும். டவுன்ஹில் பிரேக்கை வாங்கும்போது "எவ்வளவு வேகமாக நிற்கும்?" என்று கேட்பதைவிட "இறக்கம் முடியும்வரை முதல் வளைவில் நின்றதுபோலவே நிற்குமா?" என்று கேட்பதுதான் பொருத்தம். இன்றைய நல்ல ஹைட்ராலிக் பிரேக் எதுவும் ஒருமுறை சக்கரத்தை இறுக்கிவிடும்; அதில் பெருமை ஒன்றுமில்லை.

எனவே ரோட்டரிலிருந்து தொடங்குங்கள். செலவுக்கேற்ற பலன் இதில்தான் அதிகம். 180 மி.மீ.யிலிருந்து 200க்குப் போனால், அதே விரல் அழுத்தத்துக்குத் தடுக்கும் விசை ஏறக்குறைய 11 விழுக்காடு கூடுகிறது. 200இலிருந்து 220க்குப் போனால் இன்னொரு 10 விழுக்காடு. எந்தச் சிக்கலும் இல்லாத நெம்புகோல் கணக்கு அது. கூடவே உலோகமும் மிகுதி, காற்று படும் பரப்பும் மிகுதி. தடிமனும் முக்கியம்: வழக்கமான ரோட்டர் 1.8 மி.மீ.; டவுன்ஹில்லுக்கென்று 2 மி.மீ., 2.3 மி.மீ. ரோட்டர்களும் கிடைக்கின்றன. தடித்த ரோட்டர் மெதுவாகச் சூடேறும், எளிதில் வளையாது. ஆனால் 1.8க்கு வடிவமைத்த காலிப்பரில் 2.3 மி.மீ. ரோட்டரைத் திணித்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். காலிப்பர் தயாரிப்பாளர் எந்தத் தடிமனை அனுமதிக்கிறார் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் எடைக்கு நான் சொல்வது: முன்னால் 220, பின்னால் 200. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 220ஐ அனுமதிக்காவிட்டால் இரண்டிலும் 200. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பிரேக் பிடித்த கணத்தில் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால் அங்கேதான் டயருக்குப் பிடிப்பு இருக்கிறது. அதற்காகப் பின்னால் 180 போதும் என்று விட்டுவிடாதீர்கள். செங்குத்தான தடத்தில் பயத்தில் எல்லோரும் பின் பிரேக்கைத்தான் விடாமல் இழுத்துக்கொண்டே வருவார்கள், அதனால் முதலில் வேகிறதும் அதுதான். இப்படி இழுத்துக்கொண்டே வருவதில் இன்னொரு நட்டமும் உண்டு: வேகம் குறைவாக இருக்கும்போது காற்று எடுத்துக்கொள்ளும் பங்கும் குறையும், ரோட்டரைக் குளிர்விக்கும் காற்றும் குறையும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிடும் பழக்கம் எந்த உதிரிப் பாகத்தையும்விட மலிவானது.

இனி நான்கு பிஸ்டன். அதை வாங்கச் சொன்ன நண்பரின் முடிவு சரி. "இரட்டிப்பு சக்தி" என்பது அவர் மனத்தில் இருந்த காரணமானால் அது தவறு. பக்கத்துக்கு ஒன்றாக 22 மி.மீ. பிஸ்டன் உள்ள காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிஸ்டனின் பரப்பு சுமார் 380 சதுர மி.மீ. பக்கத்துக்கு 15, 16 மி.மீ. என இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரில் அவற்றின் கூட்டுப் பரப்பும் ஏறக்குறைய அதே 380தான். லீவர் ஒன்றாக இருந்தால் பேடை அழுத்தும் விசையும் ஒன்றே. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. நான்கு பிஸ்டனின் உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. பேட் நீளமாகிறது, அழுத்தம் அதன் முழு நீளத்துக்கும் சீராகப் பரவுகிறது, தேய்மானம் குறைகிறது, காலிப்பரின் கனமான உடல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இடமாகவும் ஆகிறது. திரும்பவும் வெப்பம்தான்! இதற்குமேல் பிஸ்டனைப் பெரிதாக்கிச் சக்தியையும் கூட்டுகிறவர்கள் உண்டு. ஸ்ராம் நிறுவனத்தின் மேவன் பிரேக்கில் பிஸ்டன்கள் 18, 19.5 மி.மீ.; எடை குறைந்தவர்களுக்கு அது சற்று முரட்டுத்தனமாகத் தோன்றும், உங்களுக்குப் பொருந்தும்.

பிரேக்குக்குச் செலவழிப்பதா, கியருக்குச் செலவழிப்பதா என்று மனம் ஊசலாடினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பைப் போட்டியில், புறப்பட்ட இடத்திலேயே சங்கிலி அறுந்துபோன ஆரன் க்வின், சங்கிலி இல்லாமலே இறங்கி முதலிடம் பிடித்தார். பிரேக் இல்லாமல் அதை யாரும் செய்ததில்லை.

திரவத்தைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை. நடைமுறையில் அது அவ்வளவு பெரிய விஷயமல்ல. டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம், டாட் 5.1க்கு அது 260. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு முறையே 155, 180 டிகிரிதான். எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். வாராவாரம் மலையிறங்குகிறவர்கள் அதற்கும் முன்பே. தோலிலும் பெயின்ட்டிலும் பட்டால் அரிக்கும். மினரல் ஆயிலுக்கு இந்தக் குணங்கள் இல்லை. அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால் எப்படியாவது உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால், அது கலக்காமல் கனத்தினால் இறங்கிக் காலிப்பரில், அதாவது மிகச் சூடான இடத்தில், போய்த் தங்கும். அங்கே அது 100 டிகிரியில் கொதிக்கும். ஆகவே மினரல் ஆயில் பிரேக்கும் "பராமரிப்பே வேண்டாத" பிரேக் அல்ல. வீட்டிலேயே காற்று எடுக்கும் வேலையைச் செய்வதானால் எனக்கு மினரல் ஆயில்தான் பிடிக்கும். சிந்தினால் பதற வேண்டியதில்லை.

இரண்டையும் மாற்றி ஊற்றுவது மட்டும் மன்னிக்க முடியாத தவறு. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் சீல் மற்றொன்றில் கெட்டுவிடும், பிறகு பிரேக்கையே தூக்கிப்போட வேண்டியதுதான். லீவரின் மூடியிலேயே எந்தத் திரவம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். டாட் 5 என்ற பெயரில் கிடைப்பது சிலிக்கோன் வகை; 5.1இன் தம்பி என்று எண்ணி அதை ஊற்றிவிடாதீர்கள்.

விரல் மரத்துப்போவதற்குப் பாதிக் காரணம் பலவீனமான பிரேக். மீதி, லீவர் இருக்கும் இடம். லீவரை ஹேண்டில்பாரின் உள்பக்கமாகத் தள்ளி, ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் அதன் நுனிக் கொக்கியில் அமரும்படி வையுங்கள். மற்ற மூன்று விரல்களும் பிடியை விடக்கூடாது. லீவருக்கும் பிடிக்கும் உள்ள தூரத்தை மாற்றும் திருகு உங்கள் பிரேக்கில் இருக்கும். விரலின் முதல் கணுவுக்கு எட்டும் அளவுக்கு நெருக்குங்கள். வாங்கும் முன் லீவரின் குணத்தையும் கைவைத்துப் பாருங்கள். ஷிமானோவின் லீவர் தொடக்கத்தில் பேடை விரைவாக நகர்த்திவிட்டு, தொட்ட பிறகு விசையைக் கூட்டும் அமைப்பு கொண்டது, பட்டென்று பிடிக்கும். ஸ்ராம் கோட், ஹோப் வி4 போன்றவை அழுத்த அழுத்தப் படிப்படியாகக் கூடுகிறவை. வழுக்கும் வேர்களின் மேல் எனக்கு இரண்டாவது வகை நிம்மதி. இதில் யார் சொல்வதையும்விட உங்கள் விரல் சொல்வதே தீர்ப்பு.

எதை வாங்குவது என்று கேட்டீர்கள். மினரல் ஆயிலில் ஷிமானோ செயின்ட், மகுரா எம்டி7, டிஆர்பி டிஎச்-ஆர் ஈவோ, ஸ்ராம் மேவன். டாட்டில் ஸ்ராம் கோட், ஹோப் டெக் 4 வி4, ஹேய்ஸ் டொமினியன் ஏ4. இவற்றில் எதை வாங்கினாலும் உங்கள் இறக்கத்துக்குப் போதும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம், இவற்றுக்கும் உங்கள் இப்போதைய பிரேக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே உங்களுக்கு எளிதில் பேடும் சீலும் காற்றெடுக்கும் கருவியும் கிடைக்கும் நிறுவனம் எதுவோ, அதையே வாங்குங்கள். ஈரத் தடத்தில் ஒரே வார இறுதியில் ஆர்கானிக் பேட் தீர்ந்துபோவது உண்டு. அப்போது மாற்று பேட் கிடைக்காத உயர்ந்த பிரேக்கைவிட, கிடைக்கிற நடுத்தர பிரேக் மேல். பேட் வகையில் உங்களுக்கு மெட்டல்தான். புதிய திரவமும் பெரிய ரோட்டரும் வந்தபின் நண்பரின் யோசனை சரியாகிவிடுகிறது.

பணம் கொடுக்கும் முன் மூன்று அளவுகளைச் சரிபாருங்கள். ஃபோர்க்கும் சட்டகமும் அனுமதிக்கும் அதிகபட்ச ரோட்டர் அளவு: தயாரிப்பாளர் சொன்னதைத் தாண்டிப் போகாதீர்கள், பெரிய ரோட்டர் ஃபோர்க்கின் காலில் கூடுதல் விசையை ஏற்றும். ஹப்பில் ரோட்டர் ஆறு போல்ட்டில் பொருந்துகிறதா, நடுவில் பல் வைத்த சென்டர்லாக் முறையிலா என்பது. பிறகு 200, 203 என்ற குழப்பம்: இரண்டுக்கும் ஆரத்தில் 1.5 மி.மீ.தான் வேறுபாடு என்றாலும், காலிப்பரைப் பொருத்தும் இடைத்துண்டான அடாப்டர் அதற்கேற்ப இல்லாவிட்டால் பேட் ரோட்டரின் விளிம்பைத் தாண்டி நிற்கும். திரவக் குழாயை (ஹோஸ்) வெட்டும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பொருத்தியதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் மிதமான வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைப்பதை இருபது முறையாவது செய்ய வேண்டும். பேடின் மெல்லிய படலம் ரோட்டரில் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும்; முழுவதுமாக நிறுத்தினால் படலம் ஓரிடத்தில் திட்டாகப் படிந்து அதிரும். சங்கிலிக்கு எண்ணெய் தெளிப்பான் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், எண்ணெய் குடித்த பேடை மீட்பது அநேகமாக நடக்காத காரியம். வண்டியில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகி வையுங்கள். ரோட்டர் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து, சக்கரத்தைத் திரும்ப மாட்ட முடியாமல் போய்விடும்.