மீன் எதைத் தின்று வளர்ந்தது?

கேள்வி: கணவரின் வேலைக்காகப் பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே ஆற்று மீன்தான் அன்றாடச் சாப்பாடு. இப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. "அமேசான் மீனில் பாதரசம் இருக்கிறது, தொடவே தொடாதே" என்று அம்மா ஊரிலிருந்து தினமும் போனில் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்களோ கர்ப்ப காலம் முழுக்க மீன் சாப்பிட்டவர்கள். யார் பேச்சைக் கேட்பது? – ஒரு வாசகி, மனாவுஸ்

பதில்: அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் செய்ததிலும் தப்பில்லை. அமேசான் ஆற்றுப் படுகையில் 2000-க்கும் அதிகமான மீன் இனங்கள் உண்டு. அத்தனையையும் "அமேசான் மீன்" என்று ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம். குழந்தையின் மூளை வளர மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு வேண்டும்; அதே மூளையைத்தான் பாதரசமும் தாக்கும். எனவே சந்தையில் எந்த மீனைக் கூடையில் எடுத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பாதரசம் ஆற்றுக்கு வருவது இரண்டு வழியில். தங்கம் தேடுபவர்கள் ஆற்று வண்டலில் பாதரசத்தைக் கலக்கிறார்கள். அது தங்கத் துகளைக் கவ்விக்கொள்ளும். பிறகு நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் மிஞ்சும். போன பாதரசம் மழையோடு மண்ணுக்கும் ஆற்றுக்கும் திரும்பி வருகிறது. இன்னொரு வழி பலருக்குத் தெரியாதது. அமேசான் மண்ணிலேயே காலங்காலமாகப் படிந்த பாதரசம் இருக்கிறது. காட்டை அழித்ததும் மண் அரித்து அது ஆற்றில் இறங்குகிறது. இதை 1990-களில் அமேசானின் கிளை ஆறான தாபஜோஸின் கரையில் கனடா, பிரேசில் ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டினார்கள். உங்கள் நகரத்தை ஒட்டி ஓடும் ரியோ நெக்ரோவைப் பாருங்கள், பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். அமிலத்தன்மை கொண்ட அந்த நீரில், தங்கச் சுரங்கம் அதிகம் இல்லாத பகுதிகளில்கூட மீனில் பாதரசம் ஏறிவிடுகிறது.

நீர் தேங்கிய சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உடலில் ஒட்டிக்கொள்வது இதுதான். பாசியில் ஏறியது புழு பூச்சிக்கும், அங்கிருந்து சின்ன மீனுக்கும், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனுக்கும் போய், ஒவ்வொரு படியிலும் பெருகுகிறது. பிரேசிலின் ஃபியோக்ரூஸ் சுகாதார ஆய்வு நிறுவனம், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். உள்ளிட்டவை 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ஆறு அமேசான் மாநிலங்களில் 17 நகரச் சந்தைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை வாங்கிச் சோதித்தார்கள். நூற்றுக்கு 21 மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற எல்லையைப் பாதரசம் தாண்டியிருந்தது. ரொரைமா மாநிலத்தில் நூற்றுக்கு 40. அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய செய்தி வேறொன்று: பிற மீனைத் தின்னும் மீன்களில் இருந்த பாதரசம், அப்படித் தின்னாத மீன்களில் இருந்ததைப் போல 14 மடங்கு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, கருவிலுள்ள சிசுவை மனத்தில் வைத்து 2003-ல் ஓர் எல்லை வகுத்தது: உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். நீங்கள் 60 கிலோ என்றால் வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உள்ள மீன் என்றால், வாரம் முழுவதற்கும் 190 கிராம் சாப்பிட்டாலே எல்லை வந்துவிடும். பிரேசில் சட்டம் பிற மீனை வேட்டையாடும் மீன்களுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. அப்படிப்பட்ட மீனில் 96 கிராம், அதாவது ஒரே துண்டு, வாரக் கணக்கை முடித்துவிடும். அமேசான் கரையோர ஊர்கள் சிலவற்றில் ஒருவர் நாளொன்றுக்கே 350 கிராமுக்கு மேல் மீன் சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சட்டப்படி விற்கலாம் என்பது வேறு, கர்ப்பிணி சாப்பிடலாம் என்பது வேறு. இதைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. ஒவ்வொரு மீன் சந்தையிலும் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, எதை வாங்குவது? ஜராக்கி, குரிமத்தா இரண்டும் சேற்றுப் படிவை மேய்பவை. தம்பாக்கியும் பாக்குவும் வெள்ளக் காலத்தில் காட்டு மரங்களிலிருந்து விழும் பழத்தையும் கொட்டையையும் கடித்துத் தின்பவை. இப்போது மனாவுஸில் விற்கும் தம்பாக்கி பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. மத்ரின்ஷாவும் பழம், விதை, பூச்சி தின்னும் மீன். இவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தட்டில் உள்ளங்கை அளவுத் துண்டாகத் தயங்காமல் சாப்பிடுங்கள். பிற மீனைத் தின்னும் துக்குநாரே, பிரானா, ட்ரைரா, பெரிய கெளுத்தி வகைகளான சுருபிம், தோராதா, பிராய்பா ஆகியவற்றைப் பிரசவம் முடிந்து பால் கொடுத்து முடியும்வரை தள்ளி வையுங்கள்.

ஜராக்கியில் முள் அதிகம் என்று தயங்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சந்தையில் கடைக்காரரிடம் கேட்டால், மீனின் இரு பக்கமும் நெல்மணி இடைவெளியில் வரிவரியாகக் கீறித் தருவார். கத்தி இறங்கும்போது முள் அறுபடும் நறநறச் சத்தம் கேட்கும். மொறுமொறுவென்று பொரித்தால் மீதி முள் தெரியாது. "ஜராக்கி தின்றவர் இந்த ஊரை விட்டுப் போகமாட்டார்" என்று மனாவுஸ்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

இன்னும் ஒன்று. தாபஜோஸ் கரையில் பிரசிலியா லெகால் என்ற ஊரில் ஆய்வாளர்கள் மக்களிடம் மீனை நிறுத்தச் சொல்லவில்லை. "பிற மீனைத் தின்னாத மீனை அதிகம் சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். சில ஆண்டுகளில் மக்களின் தலைமுடியில் பாதரசம் குறைந்தது. அதே ஊரில் 26 பெண்கள் ஓராண்டு முழுக்கத் தாங்கள் சாப்பிட்டதைத் தினமும் குறித்து வைத்தார்கள். ஒரே அளவு மீன் சாப்பிட்டவர்களில், பழம் அதிகம் சாப்பிட்டவர்களின் முடியில் பாதரசம் குறைவாக இருந்தது. பழம் மருந்தல்ல, ஆனாலும் மீன் சாப்பிடும் வீட்டில் பழமும் இருக்கட்டும்.

மனம் அமைதிப்படவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி முடியைச் சோதிக்கலாம். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர், கடந்த மூன்று மாதத்தின் கணக்கைச் சொல்லிவிடும்.

கேள்வி: மஞ்சள், கல் உப்பு போட்டு அலசி, புளித்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பாதரசம் போய்விடுமா? தோலையும் தலையையும் நீக்கினால்? – ஒரு வாசகர், மதுரை

பதில்: போகாது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கவிச்சி போகும், வழவழப்பு போகும், இது போகாது. கொழுப்பில் தங்கும் நஞ்சுகள் என்றால் தோலையும் கொழுப்பையும் நீக்கிக் குறைக்கலாம். பாதரசம் அந்த வகை அல்ல. பொரித்தால் நீர் வற்றி, அதே எடைத் துண்டில் பாதரசம் சற்றுக் கூடத்தான் செய்யும். அடுப்படியில் இதற்கு வழி கிடையாது, வாங்கும் இடத்தில்தான் உண்டு. ஒரே இன மீனில் பெரியதைவிடச் சின்னதை எடுங்கள். வயது குறைந்த மீனில் சேர்ந்ததும் குறைவு.

கேள்வி: பொகோட்டாவில் வேலை செய்கிறேன். தலையும் தோலும் நீக்கிய ஆற்று மீன் துண்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – ஒரு வாசகர், கொலம்பியா

பதில்: தலையும் தோலும் இல்லாத மீனுக்கு முகவரி இல்லை. உங்கள் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மக்தலேனா ஆற்றில் கிடைக்கும் "கபாஸ்" என்ற கெளுத்திக்குக் கொலம்பியாவில் நல்ல கிராக்கி. அது அரிதாகிப் போனதும், அமேசானிலிருந்து "மோத்தா" என்ற வேறொரு கெளுத்தியைக் கொண்டுவந்து கபாஸ் என்று சொல்லி விற்றார்கள். மோத்தா, செத்த உடலைத் தின்னும் மீன். அதைப் பிடிப்பதற்கு இரையாக அமேசானின் இளஞ்சிவப்பு டால்பின்களையும் முதலைகளையும் கொன்று போட்டார்கள். ஆய்வாளர்கள் சந்தை மீனைச் சோதித்தபோது பாதரசம் எல்லை மீறியிருந்தது. பிரேசில் 2015 தொடக்கத்திலிருந்து மோத்தா பிடிப்பதைத் தடை செய்தது. கொலம்பியா 2017-ல் விற்பனையையே நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், வாயில்லா ஜீவனும் செத்தது. அந்த வியாபாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. முழு மீனாகக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் வெட்டட்டும். காட்ட மறுக்கும் கடையில் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: அமேசானில் மீன் தின்றவர்களுக்குச் சிறுநீர் கறுப்பாகப் போகிறது என்று படித்தேன். அது என்ன? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அதற்கு ஹாஃப் நோய் என்று பெயர். ஜெர்மன் மொழியில் ஹாஃப் என்றால் காயல். 1924-ல் பால்டிக் கடலோரக் காயல் ஒன்றின் மக்களிடம் முதலில் கண்டதால் அந்தப் பெயர் வந்தது. மீன் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் கழுத்து, முதுகு, தொடைத் தசைகள் இறுகி வலிக்கும். தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்குவதால்தான் அந்தக் காப்பி நிறம். 2008-ல் மனாவுஸில் 27 பேருக்கு வந்தது. 2021-ல் அதே மாநிலத்தின் இத்தாக்கொத்தியாரா ஊரில் மீண்டும் பரவியது.

மறைக்காமல் சொல்ல வேண்டும்: இதில் அகப்பட்டவை தம்பாக்கி, பாக்கு, பிராபிதிங்கா. அதாவது பாதரசம் குறைவு என்று மேலே நான் சிபாரிசு செய்த கூட்டமே. காரணமான நஞ்சு எது என்று விஞ்ஞானிகள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அதற்கு மணமில்லை, சுவையில்லை, வேகவைத்தாலும் அழிவதில்லை. ஆனால் இது அபூர்வமான நோய், பாதரசமோ அன்றாடம் சேர்வது. ஆகவே என் சிபாரிசை மாற்றிக்கொள்ளவில்லை. சுகாதாரத் துறை நோய் பரவுவதாக அறிவித்தால் அந்த மீன்களை அந்தக் காலத்தில் விட்டுவிடுங்கள். அறிகுறி வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். உடனே குளுக்கோஸ், சலைன் ஏற்றினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள்.

கேள்வி: வீட்டுப் பக்கத்துக் கடையில் வவ்வால் மீன் என்று சொன்னார்கள். விலை குறைவாக இருந்ததால் இரண்டு கிலோ வாங்கினேன். வெட்டும்போது வாயைத் திறந்தால் மனிதப் பல் போல வரிசையாகப் பல்! அது அமேசானின் பிரானா என்கிறார் மைத்துனர். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டார்கள். பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பயப்பட வேண்டாம். நீங்கள் வாங்கியது ரூப்சந்த். ஏரி வவ்வால் என்றும் சொல்வார்கள். மேலே சொன்ன பிராபிதிங்காதான் அது. பிரானாவுக்குச் சொந்தக்காரன், ஆனால் பிரானா அல்ல. பிரானாவின் பல் ரம்பம்போல் முக்கோணமாக இருக்கும். இதன் பல் கடைவாய்ப்பல் போலத் தட்டை, கொட்டையை உடைப்பதற்கு. அமேசான் ஆற்றைச் சேர்ந்த இந்த மீன் 2003–04 வாக்கில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இப்போது ஆந்திரம், மேற்கு வங்கம், கேரளக் குளங்களில் வளர்க்கிறார்கள். பெயர்தான் அமேசானுடையது. உங்கள் வீட்டுக்கு வந்த மீன் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை, சில மாதங்கள் தீவனம் தின்று வளர்ந்தது. பாதரசம் சேர அதற்கு வயதும் இல்லை, வழியும் குறைவு. பண்ணை மீனில் நான் பார்ப்பது தண்ணீரின் சுத்தத்தையும் மீனின் புதுமையையும்தான். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழும்ப வேண்டும்.

ஆனால் உங்களை ஏமாற்றியது உண்மை. கடல் வவ்வாலின் விலை இதற்கு இல்லை, ருசியும் வேறு. அடுத்த முறை மூன்று இடம் பாருங்கள். வளர்ந்த கடல் வவ்வாலுக்கு வயிற்றின் அடியில் ஜோடித் துடுப்பு இருக்காது, ரூப்சந்துக்கு உண்டு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் ரூப்சந்துக்குக் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு சின்னச் சதைத் துடுப்பு நிற்கும். வாயைத் திறந்தால் பல். சதைக்குள் கவைபோல் பிரிந்த முள்ளும் உண்டு, குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். ரசீது வைத்திருந்தால் அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "வவ்வால்" என்று இருந்தால் கடைக்காரரிடம் காட்டி விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மீனைப் படம் எடுத்திருந்தால், பல் தெரிவது போல எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.