கையடக்கச் சிலைகள்: சிற்பியிடம் கேட்டவை

அனிமே, காமிக்ஸ், திரைப்படப் பாத்திரங்களைச் சேகரிப்பாளர்களுக்கான சிறு சிலைகளாக வடிக்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் ஐந்தாண்டுகள் களிமண்ணிலும் மெழுகிலும், அதன்பின் பெரும்பாலும் கணினியிலும் செய்து வருகிறேன். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே விடை எழுதுகிறேன். பழைய பொம்மைகளின் விலைமதிப்பு என் துறை அல்ல. அதைச் சேகரிப்பாளர்களிடம் கேளுங்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: இந்த வேலைக்கு எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?

பெரும்பாலான நிறுவனங்கள் இசட்பிரஷில் செய்த கோப்பையே எதிர்பார்க்கின்றன. பணம் கட்ட இயலாதவர் பிளெண்டரில் தொடங்கலாம், அது இலவசம். ஆனால் கழுத்தெலும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடியபடி தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டத் தெரியாதவருக்கு எந்த மென்பொருளும் தோளை அமைத்துத் தராது. முதல் ஆறு மாதங்களை உடற்கூற்றுக்குக் கொடுங்கள்.

கோவை, வரைகலைஞர்: நான் செய்யும் அனிமே முகம் நேராகப் பார்த்தால் சரியாக இருக்கிறது, பக்கவாட்டில் திருப்பினால் வேறு யாரோ போலத் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?

உங்கள் தவறு அல்ல. மூல ஓவியத்திலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது. வரைபவர் முன்பக்கத்துக்கு ஒரு முகமும், பக்கவாட்டுக்கு வேறொரு முகமும், முக்கால் திருப்பத்துக்கு மூன்றாவதொரு முகமும் வரைகிறார். ஒவ்வொன்றும் தாளில் அழகுதான். ஆனால் மூன்றும் ஒரே கனவடிவத்துக்குள் அடங்குவதில்லை. எனவே சிற்பி செய்ய வேண்டிய முதல் வேலை, அலமாரியில் நிற்கும் சிலையைப் பார்ப்பவர் எந்தக் கோணத்தில் அதிக நேரம் பார்ப்பார் என்று முடிவு செய்வது. என் அனுபவத்தில் அது முக்கால் திருப்பம்தான். அந்தக் கோணத்தை முதலில் முழுமையாக்கி, மற்ற இரண்டையும் அதற்கு இணங்க வைக்கிறேன்.

அடுத்தது கண். மனிதக் கண்ணைப் போல உருண்டையாகப் புடைத்த கண்ணை அமைத்தால் முகம் உடனே கெட்டுவிடும். கண் இருக்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய தட்டையாக, மிக இலேசான வளைவோடு இருக்க வேண்டும். இதற்குத் தொழிற்சாலைக் காரணமும் உண்டு. கருவிழியை யாரும் தூரிகையால் வரைவதில்லை. மையேறிய மென்மையான சிலிகோன் திண்டு ஒன்று முகத்தின்மேல் அழுந்தி அச்சிடுகிறது. வளைவு கூடினால் அந்த அச்சு இழுபட்டுக் கண் கோணிவிடும்.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாத்திரம் ஏழில் ஒரு பங்கு அளவில் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் ஆகிறது. அந்த அளவில் கன்னத்தை அரை மில்லிமீட்டர் தாழ்த்தினால் பதினாறு வயதுப் பெண் முப்பது வயதுக்காரி ஆகிவிடுவாள். முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட தலையில் சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, அறையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, தலையைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். நிழல் எந்தக் கோணத்தில் திடீரெனத் தாவுகிறதோ, அங்கேதான் பரப்பு உடைந்திருக்கிறது. இதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

சேலம், சேகரிப்பாளர்: ஒரே கோடையில் என் சிலை முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. போலிச் சரக்கா?

அசலாகவே இருக்கலாம். பெரும்பாலான சிலைகள் பிவிசியில் வார்க்கப்படுகின்றன. அது வெப்பத்தில் இளகி, தாங்கும் எடையின் பக்கமாக மெல்ல மெல்ல வளையும். ஒற்றைக்காலில் நிற்கும் சிலையின் கணுக்காலுக்குள் உலோகக் கம்பி ஓட இடம் விட்டிருக்க வேண்டும். அதைச் சிற்பி முதல் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும். உங்களுக்குத் தீர்வு: சிலையின் காலை வெந்நீரில் இளக்கி, நிமிர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் இறுகவிடுங்கள். சன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

திருச்சி: ரெசின் அச்சுப்பொறியில் எதை வாங்கலாம் அக்கா?

உங்கள் பணத்துக்கு ஏற்றதை வாங்குங்கள். இன்று நடுத்தர விலையில் கிடைப்பவை எல்லாம் நுண்மையில் போதுமானவை. அதோடு நைட்ரைல் கையுறை ஒரு பெட்டியும் வாங்குங்கள். இறுகாத ரெசின், அதாவது அச்சுப்பொறியில் ஊற்றும் திரவப் பிசின், தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அது போகாது. அந்த ஒவ்வாமையால் நல்ல கைவேலைக்காரர் ஒருவர் இந்தத் தொழிலையே விட்டுச் சென்றதைப் பார்த்திருக்கிறேன்.

சென்னை, பகுதிநேரச் சிற்பி: புகழ்பெற்ற பாத்திரங்களை நானே வடித்து, ரெசினில் வார்த்து, நண்பர்களுக்கும் இன்ஸ்டாகிராமில் கேட்பவர்களுக்கும் விற்கிறேன். மாதம் பத்துக்கு மேல் போவதில்லை. இதில் என்ன தவறு?

உழைப்பு உங்களுடையது, பாத்திரம் உங்களுடையது அல்ல. எண்ணிக்கை குறைவு என்பதால் உரிமை உங்களுக்கு மாறிவிடாது. இதை நேர்வழியில் செய்ய முடியும் என்பதற்கு ஜப்பானில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. சிபாவில் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் கோடையிலும் குளிர்காலத்திலும் ஒண்டர் ஃபெஸ்டிவல் என்ற சிலைக் கண்காட்சி நடக்கிறது. 1992 முதல் அதை நடத்துவது கையோடோ என்ற சிலை நிறுவனம். அங்கே ‘தோஜிட்சு ஹன்கென்’ என்றொரு முறை உண்டு. அந்த ஒரு நாளுக்கு மட்டுமான உரிமம் என்று பொருள். தனியாகச் செய்யும் சிற்பி பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, தன் மூலச்சிலையின் படங்களை அனுப்பி, உரிமையாளரின் ஒப்புதலையும் பெற்று, உரிமத்தொகையும் செலுத்தி, சொன்ன எண்ணிக்கையை அந்த அரங்கில் அந்த நாளில் மட்டும் விற்கிறார். மறுநாள் விற்றால் அது மீறல். இந்த ஏற்பாட்டால் வீட்டு மேசையில் வேலை செய்பவரும் தலைநிமிர்ந்து விற்க முடிகிறது; நிறுவனங்களும் அங்கே வந்து புதிய சிற்பிகளைத் தேர்ந்தெடுக்கின்றன.

அதே சென்னைக்காரர் மறுபடியும்: அந்த ஏற்பாடு இங்கே இல்லையே. பெரிய நிறுவனத்துக்கு என் பத்துச் சிலைகளால் என்ன நட்டம்? அவர்கள் சிற்பிக்கு ஒரே தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களே, அது மட்டும் நியாயமா?

இரண்டாவது கேள்வியில் உங்கள் பக்கம் நிற்கிறேன். இந்த வேலையில் பெரும்பாலும் ஒருமுறைக் கூலிதான்; எத்தனை ஆயிரம் விற்றாலும் சிற்பிக்குப் பங்கு இல்லை. என் முதல் சிலை கடைக்கு வந்தபோது பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினேன். என் பெயர் எங்கும் இல்லை. அதன்பிறகு பெட்டியில் சிற்பியின் பெயர் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் நான் கையொப்பமிட்டதில்லை. ஆனால் எனக்கு நடந்த அநியாயம் இன்னொருவர் உருவாக்கிய பாத்திரத்தை எடுத்துக்கொள்ளும் அனுமதி ஆகாது.

திருப்பூர், வார்ப்புக்காரர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நண்பர் சொல்வதைப் போலவே என் சொந்தச் சிலையை வேறொருவர் அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்றார். ‘பத்துதானே’ என்றுதான் அவரும் சொன்னார்.

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுக்கும்போது உருவம் சற்றுச் சுருங்கும், விரலிடுக்கும் இமையோரமும் மழுங்கும்; அதைப் பார்ப்பவர் உங்கள் கைத்திறன் குறைந்துவிட்டது என்றே நினைப்பார். அசலையும் நகலையும் அருகருகே வைத்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முறையிடும்போது உதவும்.

சென்னை நண்பருக்கு ஒரு வழி சொல்கிறேன். யாருக்கும் சொந்தமில்லாத பாத்திரங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன. சிலம்பை உயர்த்திப் பிடித்த கண்ணகியை வடிக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு திரைப்படத்திலோ தொடரிலோ வந்த கண்ணகியின் முகத்தையும் உடையையும் அப்படியே எடுக்காமல் இருந்தால் போதும்.

ஈரோடு: சிற்பம் செய்ய எந்த மென்பொருள் நல்லது?

மதுரை மாணவருக்கு எழுதியதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: அச்சுப்பொறி வாங்கிவிட்டேன். கையுறை போட்டால் வேர்க்கிறது, இல்லாமல் செய்யலாமா?

கூடாது. திருச்சி நண்பருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். காற்றோட்டமுள்ள அறையில் செய்யுங்கள். அச்சிட்ட பாகத்தைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

வேலூர், தாய் ஒருவர்: என் நான்கு வயது மகனுக்கு இப்படியொரு சிலை வாங்கித் தரலாமா?

வேண்டாம். இவை வளர்ந்தவர்களுக்காகச் செய்யப்படுபவை. கூர்முனைகளும் கழன்று வரும் சிறு பாகங்களும் இருக்கும். சிறுவர் பொம்மைக் கடையில், பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்குங்கள்.

சுவாமிமலை, ஐம்பொன் சிலை செய்யும் குடும்பத்தவர்: தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில்தான் எனக்குப் பழக்கம். கணினி தெரியாது. எனக்கு இந்தத் தொழிலில் இடம் உண்டா?

உண்டு. பொம்மைத் தொழிலில் மூலச்சிலையை மெழுகில் செய்யும் வழக்கம் கணினிக்கு முன்பே நிலைபெற்றது. சூடான இரும்புக்கோலால் மெழுகை இழைத்துக் கூர்மையான விளிம்பு எடுக்கும் கை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. முக நீளத்தை அளவாக வைத்து உடலைப் பகுக்கும் தாளக் கணக்கும் உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தலைக்கணக்கு என்று தேடிப் படிப்பது அதைப் போன்றதுதான்.

நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது ஒன்று. உங்கள் வார்ப்பில் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுக்கிறீர்கள். ஆலையில் எஃகு அச்சு உடையாது. இரண்டாகத் திறந்து, ஆயிரக்கணக்கான முறை மூட வேண்டும். பாகம் சிக்காமல் வெளியே வர வேண்டுமானால் சிலையைக் கழுத்துப்பட்டியிலும் இடுப்புக்கச்சையிலும் மணிக்கட்டிலும் வெட்டி, வெட்டு தெரியாமல் மறைத்து, ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும் முளை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு சாண் உயரத்தில் நின்ற கோலத்தில் ஓர் உருவத்தை மெழுகில் செய்து, அதைத் தலை, கூந்தல், உடல், கைகள், பீடம் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். நான்கு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வெட்டையும் பார்த்து எழுதுகிறேன்.