காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால், 14 மாதப் பேரனைக் காலையில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, மதியம் அழைத்து வந்து பார்த்துக்கொள்பவர் இவர்தான். பேரனுக்குத் திடீரென்று கடும் காய்ச்சல். இரண்டாம் நாள் இரவு கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடத்தில் தானாக நின்றது. அவசரப் பிரிவில் நான்கு மணிநேரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. விட்ட கையோடு மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்பாகத் தடித்திருக்கிறது. “அம்மை மூளைக்கு ஏறிவிட்டது, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மலேசியாவின் ஜோகூரில் மலிவாக ஏற்பாடு செய்வாராம். நரம்புக்கு ஒரு சூரணமும் தருவாராம். பிள்ளைக்குப் புத்தி மந்தமாகிவிடுமா டாக்டர்?”

ஆகாது, அம்மா. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ‘ஜன்னி’ என்று ஒரே சொல்தான். காய்ச்சலில் இழுத்தாலும் ஜன்னி, மூளைக்காய்ச்சல் வந்தாலும் ஜன்னி. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் பேரனுக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரும். அந்த வயதில் மூளை காய்ச்சலைத் தாங்காமல் சற்று நேரம் இழுக்கிறது. கிருமி மூளைக்குள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூன்று நாள் கடும் காய்ச்சல், அது இறங்கியதும் உடம்பில் தடிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது, ரோசியோலா என்ற சாதாரண வைரஸ் காய்ச்சலின் அடையாளம். இந்த வயதில் காய்ச்சல் வலிப்பைக் கொண்டுவரும் கிருமிகளில் இது முக்கியமானது. தடிப்பு தெரியும்போது நோய் விடைபெறுகிறது என்றே பொருள்.

பிரிட்டனில் 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளைப் பத்து வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 400 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தது. படிப்பிலும் அறிவிலும் நடத்தையிலும் மற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் சளைக்கவில்லை. பிற்காலத்தில் வலிப்பு நோயாகுமா என்றால், உங்கள் பேரனுக்கு வந்ததைப் போலக் குறுகிய நேரம் வந்து நின்றவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் அப்படி ஆகிறது. மற்ற பிள்ளைகளிலும் நூற்றுக்கு ஒருவருக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பிள்ளைக்கு அடுத்த காய்ச்சலிலோ அதற்கடுத்ததிலோ மீண்டும் இழுக்கலாம். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

இழுத்தால் பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி வேண்டாம், விரல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அதைத் தேடும் நேரத்தில் பிள்ளை தனியாகக் கிடக்கும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ, நின்ற பிறகும் பிள்ளை தெளியவில்லை என்றாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். டாக்சி பிடிக்கக் கீழே ஓடாதீர்கள்.

இனி அந்தத் தெரிந்தவரைப் பற்றி. அவர் மீது எனக்குக் கோபம் வருகிறது. இவரைப் போன்றவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பிள்ளைக்கு இழுத்த செய்தி தெரிந்த மறுநாளே வந்துவிடுவார்கள். சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு ஸ்கேனும் வேண்டாம், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையும் வேண்டாம். 14 மாதப் பிள்ளை ஸ்கேனுக்குள் அசையாமல் படுக்க மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும் என்பதை இவர்கள் சொல்வதே இல்லை. என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படியொரு ஏற்பாட்டாளரின் பேச்சைக் கேட்டு 1,400 வெள்ளி செலவழித்தது. இ.இ.ஜி. தாளில் ஏதோ சிறு மாற்றம் என்றார்கள். தேவையே இல்லாத வலிப்பு மாத்திரையை அந்தப் பிள்ளை ஓராண்டு விழுங்கியது. தூங்கித் தூங்கி விழுந்தது. ‘பார்த்தீர்களா, வலிப்பு மந்தமாக்கிவிட்டது’ என்றார் அதே ஏற்பாட்டாளர்.

அந்தச் சூரணத்தைத் தொடவே தொடாதீர்கள். பெயர்ச்சீட்டு இல்லாமல் பொட்டலத்தில் வரும் இத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஈயம் இருப்பது பல நாடுகளில் சோதனையில் தெரியவந்திருக்கிறது. ஈயமே பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்கும், அறிவையும் குறைக்கும்.

இன்னொன்று, வருத்தப்படாமல் கேளுங்கள். காய்ச்சல் இரவில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இழுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கற்பூரம் வலிப்பைத் தூண்டும் பொருள். சாமி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லையைப் பிள்ளை எடுத்து வாயில் போட்டால் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். நீலகிரித் தைலத்தை விழுங்கினாலும் அப்படித்தான். இரண்டையும் கைக்கு எட்டாத அலமாரிக்கு இன்றே மாற்றிவிடுங்கள்.

பாராசிட்டமால் பிள்ளையின் உடல்வலியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. ஆகவே பயத்தில் கூடுதலாக ஊற்றாதீர்கள். இங்கே 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தும் விற்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது. புதுப் புட்டி வாங்கினால் எண்ணைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

பராமரிப்பு நிலையத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் என்றும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன ஆறுதலெல்லாம் அதற்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதுவும் ஒரு வாரத்தில் போகிற நோய்தான். ஆனால் அதைக் கொண்டுவரும் கிருமிகளில் என்டரோவைரஸ் 71 என்று ஒன்று இருக்கிறது. அது உண்மையாகவே மூளைத்தண்டைத் தாக்கும். 1997இல் சரவாக்கிலும், 1998இல் தைவானிலும், 2000ஆம் ஆண்டில் இங்கேயும் பிள்ளைகள் அதனால் இறந்தார்கள். தைவானில் மட்டும் 78 பேர். பாலர் பள்ளிகளை அப்போது இழுத்து மூடியது நினைவிருக்கும்.

இந்த நோயில் கை, கால், வாயில் வரும் கொப்புளம் எத்தனை என்று எண்ணாதீர்கள். கொப்புளம் குறைவாக இருந்தும் மூளை பாதிக்கப்படலாம். பிள்ளை தூங்குவதைப் பாருங்கள். கண் அயரும் நேரத்தில் யாரோ தட்டி எழுப்பியதைப் போலத் திடுக்கிட்டுத் துள்ளும், கைகளை விரிக்கும், மீண்டும் அயரும், மீண்டும் துள்ளும். எல்லாப் பிள்ளையும் ஒன்றிரண்டு முறை திடுக்கிடுவது உண்டு. வாய்ப்புண் நோய் வந்த பிள்ளை ஒரே தூக்கத்தில் திரும்பத் திரும்பத் துள்ளினால் அது வேறு. அந்தத் துள்ளல், கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், விடாத வாந்தி, மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், விளையாட்டுப் பொருளைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காத சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவென்று பார்க்காமல் சிறார் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கைப்பேசியில் அந்தத் துள்ளலைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். ‘திடுக்கிடுகிறான்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டுத் தலையாட்டி அனுப்பும் மருத்துவரும், அந்தப் படத்தைப் பார்த்தால் எழுந்துவிடுவார்.

உங்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை விடிகாலை மூன்று மணிக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளையைப் பகலெல்லாம் தூக்கி வைத்திருப்பவர் பாட்டி. அவரிடம் தமிழில் ஐந்து நிமிடம் பேச ஒரு தாதி கிடைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது, அந்த ஏற்பாட்டாளருக்கு வேலையும் இருந்திருக்காது. நான்கு மொழிகளில் ரயில் அறிவிப்பு செய்கிற ஊரில் இது முடியாத காரியமா? எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன். அடுத்த முறை போனால், ‘தமிழில் சொல்ல ஆள் வேண்டும்’ என்று நீங்களே கேளுங்கள்.

வலிப்பு வந்ததால் 15ஆம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா என்று மருமகள் கேட்கிறாராம். வேண்டாம். ஊசிக்குப் பிறகு 7 முதல் 12 நாளுக்குள் காய்ச்சல் வரலாம், அதில் இன்னொரு முறை இழுக்கவும் கூடும். அதுவும் மேலே சொன்ன வகைதான். தட்டம்மையோ ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு உண்மையான மூளை அழற்சியைக் கொண்டுவரும். இங்கே அந்த ஊசி சட்டப்படியும் கட்டாயம்.

தடிப்பு இருக்கிறதே, குளிப்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது அம்மை இல்லை. வெதுவெதுப்பான நீரில் தாராளமாகக் குளிப்பாட்டுங்கள். தலைமாட்டில் வேப்பிலை வைப்பதில் தடையில்லை, அரைத்துக் கொடுக்க மட்டும் வேண்டாம். காய்ச்சல் விட்டு ஒரு நாள் கடந்து, பிள்ளை முன்போலச் சாப்பிட்டு விளையாடினால் நிலையத்துக்கு அனுப்பலாம். அனுப்புமுன், அவன் வகுப்பில் யாருக்காவது கொப்புளம் வந்திருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.