பதில் வராத பதினொரு கதைகள்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். இதழ்களுக்கு அனுப்பியவை 14. ஒன்று இணைய இதழில் வந்தது, இரண்டு திரும்பின, 11க்குப் பதிலே இல்லை. கதை வெளியான வாரம் கால் தரையில் படவில்லை. இப்போது எழுத உட்காரவே கை வரவில்லை. 35,000 ரூபாய் கட்டினால் தொகுப்பு போட்டுத் தருவதாக ஒரு பதிப்பகம் சொல்கிறது. போடலாமா? அப்பா தறியை விற்பதைப் பற்றிய ‘நெசவு’ கதையை இணைத்திருக்கிறேன். எங்கே சறுக்குகிறது?

கே., ஆரணி

அன்புள்ள கே.,

கதை சறுக்குவது ஆரம்பத்திலேயே. 1,900 சொல்லில் முதல் 450 சொல் விடியல், சேவல், பால்காரர், கோயில் ஒலிபெருக்கி. தறி வருவது மூன்றாம் பக்கத்தில். ‘லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது’ என்ற வரிக்கு மேலிருப்பதை அப்படியே வெட்டுங்கள். கதைக்குள் இறங்க உங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும், வாசகருக்குத் தேவையில்லை.

தறியை ஏற்றும்போது அப்பா குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை மட்டும் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். அருமையான இடம். அடுத்த வரியிலேயே ‘அவர் இதயம் சுக்குநூறானது’ என்று எழுதி அதைக் கெடுத்துவிட்டீர்கள். நெய்பவர் குழிக்குள் கால்விட்டு உட்காரும் குழித்தறியை விற்றால் மரம்தான் போகும், குழி வீட்டோடு கிடக்கும். அம்மா அதன்மேல் பலகை போட்டு அரிசி மூட்டையை ஏற்றுகிறாள். கதை அங்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மகன் கைத்தறியின் வீழ்ச்சியை யோசிக்கும் மூன்று பத்திகளும் கட்டுரை.

பேச்சையும் பாருங்கள். உங்கள் ஊர்த் தறிக்காரர் ‘நான் என்ன செய்வேன் மகனே’ என்பாரா, ‘இன்னாடா பண்றது’ என்பாரா? இரண்டு வாரம் கதையைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடங்களில் கோடு போடுங்கள். பெரும்பாலும் அவை பொய்யான வசனங்களாகவே இருக்கும்.

இனி அந்த 11. அவற்றில் எத்தனையைத் திறந்தே பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம். நீங்கள் அனுப்பியது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். சிற்றிதழ்கள் பலவற்றை இரண்டு மூன்று பேர்தான், அதுவும் வேலை நேரம் போக நடத்துகிறார்கள். உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய மாட்டார்கள். எடுத்து ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றி வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறக்கூடும், ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கதை, கூடவே சொல் எண்ணிக்கை, இரண்டு வரி அறிமுகம். ‘என் கதை சமூகத்தின் கண்ணாடி’ போன்றவை வேண்டாம். மூன்று மாதம் பொறுங்கள், ஒரு வரியில் நினைவூட்டுங்கள், பதில் இல்லையென்றால் இனி பரிசீலிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். நடுவில் முகநூலில் போட்டால் பல இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியானதாகத்தான் எடுத்துக்கொள்ளும். எந்தக் கதை, எங்கே, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பணம் கட்டாதீர்கள். எத்தனை பிரதி, கடைக்கு யார் அனுப்புவார், விற்காதது யார் வீட்டுப் பரணில் ஏறும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் இன்று 50 பிரதிகூடப் போட முடிகிறது, அதற்கு இவ்வளவு ஆகாது. அதுவும் பிறகு. தொகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நல்ல கதைகள் வேண்டும். அவற்றில் ஐந்தாறு கதைகளாவது முதலில் இதழ்களில் வரட்டும்.

கை வராததற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: ஒரு கதையை அனுப்பும் முன் அடுத்ததன் முதல் பக்கத்தை எழுதி வைத்துவிடுவது. அப்போது பதிலுக்காகக் காத்திருப்பது மட்டுமே வேலையாக இருக்காது.

பி.கு.: நான்காம் பக்கத்தில் பாவு குறுக்கே ஓடுகிறது. பாவு நெடுக்கு நூல், ஊடைதான் குறுக்கு நூல். ஆரணிக்காரர் நீங்களே இப்படி எழுதலாமா?