அடுத்தவர் பாடல்களை மட்டுமே பாடி ஒரு நாட்டுப்புறப் பாடகி முழு ஆல்பம் போட்டால், சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. நீங்களும் எங்கேயோ ஒரு மேடையில் வேறொருவர் பாட்டைப் பாடிவிட்டுப் பேச்சு வாங்கியிருப்பீர்கள், அந்த வருத்தத்தில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வாங்கியிருக்கிறேன்.

2012-ல் கணவர் வேலைக்காக டெக்சஸில் உள்ள ஆஸ்டினுக்கு வந்தோம். எனக்கு ஹெச்4 விசா, அதாவது வேலைக்கு வந்தவரின் துணைக்குக் கொடுப்பது, அப்போது அதில் வேலைக்குப் போக முடியாது. பகல் பொழுதெல்லாம் பொது நூலகத்தில்தான் கழியும். அங்கே ஒருநாள் கையில் கிடைத்ததுதான் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி நான்சி கிரிஃபித்தின் 'அதர் வாய்சஸ், அதர் ரூம்ஸ்' சிடி. 1993-ல் வந்தது. பதினேழு பாட்டு, அதில் ஒன்றுகூட அவர் எழுதியது இல்லை. யாரையெல்லாம் கேட்டு அவர் பாட்டு எழுதக் கற்றாரோ, யாரையெல்லாம் மதித்தாரோ அவர்களுடைய பாட்டுகள்.

சரக்கு தீர்ந்தவரா அவர்? அவர் எழுதிய 'லவ் அட் த ஃபைவ் அண்ட் டைம்' பாட்டைக் கேத்தி மாட்டியா என்ற பாடகி பாடி 1986-லேயே பெரிய ஹிட் ஆக்கினார். தன் பாட்டு அடுத்தவர் குரலில் ஊரெல்லாம் ஒலிப்பதைக் கேட்டவர், பிறகு தன் குரலை மற்றவர்களின் பாட்டுக்குக் கொடுத்தார். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன். அந்த ஆல்பத்துக்கு 1994-ல் கிராமியும் கிடைத்தது, ஆனால் விருதை வைத்து நான் வாதாட வரவில்லை.

முதல் பாட்டு கேட் வுல்ஃப் எழுதிய 'அக்ராஸ் த கிரேட் டிவைட்'. கேட் வுல்ஃப் 1986-ல் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனவர், வயது 44தான். அந்தச் சிடி இல்லையென்றால் அவர் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது. டௌன்ஸ் வான் ஜான்ட், டாம் பாக்ஸ்டன், மால்வினா ரெனால்ட்ஸ் என்று அதில் பாட்டு எழுதியிருந்தவர்களை ஒவ்வொரு பெயராகத் தேடித் தேடி ஒரு வருஷம் கேட்டேன். பாப் டிலன் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது, அதற்கு டிலனே வந்து ஹார்மோனிகா மட்டும் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். தன் பாட்டுக்குத் தானே பின்னால் நின்று வாசிக்கும் அந்த இடத்தை எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம் கிதார் கற்றுக்கொண்டேன், யூடியூப் பார்த்துத்தான். எட்டு மாதம் கழித்து, யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று வாராவாரம் மைக் கொடுக்கும் ஒரு காபிக் கடைக்குப் போய், கேட் வுல்ஃப் பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் பாடினேன். முடித்ததும் நடத்துகிறவர் மைக்கை வாங்கி, இங்கே எழுதுகிறவர்கள்தான் வருவார்கள், அடுத்த தடவை சொந்தப் பாட்டோடு வாருங்கள் என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். காரில் அழுதுகொண்டே வந்தேன், இவர் "விடும்மா" என்றார். என்னால் விட முடியவில்லை. ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அழுதது பாட்டுக்காக மட்டும் இல்லை. வேலை இல்லை, சொந்தமாக ஒரு வங்கிக் கணக்குகூட இல்லை, இப்போது பாட்டும் சொந்தமில்லை என்கிறார்களே என்று இருந்தது.

உரிமைத்தொகை கொடுக்காமல் பாடுவதற்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இதே ஆல்பத்தில் 'விமோவே' பாட்டும் இருக்கிறது. அதன் மூலம் தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-ல் பதிவுசெய்த 'ம்பூபே'. அந்த இசைத்தட்டைக் கேட்ட அமெரிக்கப் பாடகர் பீட் சீகர், 'உயிம்பூபே' என்ற ஜூலு சொல்லை 'விமோவே' என்று காதில் வாங்கிக்கொண்டார். அவருடைய வீவர்ஸ் குழு வெளியிட்டபோது இசைத்தட்டில் எழுதியவர் என்று இருந்தது லிண்டாவின் பெயர் இல்லை, பால் கேம்பெல் என்ற புனைபெயர். லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார், குடும்பத்துக்கு ஒரு தீர்வு கிடைக்க 2006 ஆனது. பெயர் சொல்லாமல் பாடினால் இதுதான் நடக்கும். மேடையில் முதலில் எழுதியவர் பெயரைச் சொல்லு என்று நான் அடித்துக்கொள்வது இதனால்தான்.

      

நான்சி கிரிஃபித் 2021 ஆகஸ்டில் 68 வயதில் இறந்துவிட்டார். அன்று இரவும் நான் பாடியது கேட் வுல்ஃப் பாட்டைத்தான். நீங்கள் ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை என்றால் முதல் பாட்டிலிருந்தே தொடங்குங்கள், யார் எழுதியது என்று பார்த்துவிட்டு.